அரைச் சிக்னலுக்கு அசையாத கயிறு

என் வயதுக்காரர்களிடம் ஒரு கேள்வி. உங்களில் எத்தனை பேரோடு உங்கள் அப்பா விளையாடியிருக்கிறார்? அடித்திருப்பார், அது வேறு. காய்ச்சலுக்கு மருந்து வாங்கி வந்திருப்பார், பள்ளிக்கூட அறிக்கையில் முகத்தைச் சுளித்தபடி கையெழுத்து வைத்திருப்பார், பெருநாளுக்குச் சப்பாத்து வாங்கித் தந்திருப்பார். விளையாடினாரா? பெரும்பாலானோர் உதட்டைப் பிதுக்குவீர்கள் என்று தெரியும். நான் கொஞ்சம் தலைக்கனத்தோடேயே சொல்லிக்கொள்கிறேன். என் அப்பா விளையாடினார். ஒரே ஒரு மழைக்காலம்தான், ஆனால் அது எனக்கு இன்றுவரை போதுமானதாக இருக்கிறது.

இந்த ஞாபகத்தைக் கிளறிவிட்டது எங்கள் மேல்மாடித் தம்பி. வெள்ளவத்தையில் நான் இப்போது குடியிருக்கும் அடுக்குமாடியில் அவர் ஆறாம் மாடி, நான் ஐந்தாம் மாடி. நாலு வயது மகள் ஒருத்தி அவருக்கு. போன வாரம் லிஃப்டுக்குள் ஒரு தாளை என் கையில் திணித்தார்.

“ஆன்ட்டி, இதப் பாருங்களன். பிள்ளையோட ஒவ்வொரு நாளும் இருபது நிமிஷம் விளையாடட்டாம். நேர்சரியில குடுத்து விட்டிருக்கினம். எனக்கு என்ன விளையாடுறதெண்டே தெரியேல்ல.”

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தேன். பந்தை உருட்டுங்கள், கோப்பைகளை அடுக்குங்கள், பொருளை மணந்து என்னவென்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். மூன்றாவதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. லிஃப்ட் ஐந்தாம் மாடியில் நின்று, கதவு திறந்து, மூடி, என்னையும் ஏற்றிக்கொண்டு ஆறாம் மாடிக்குப் போயிற்று. இறங்க மறந்துவிட்டேன்.

அப்போது எனக்கு ஏழு வயது. கொட்டாஞ்சேனையில் கோயில் மணிச் சத்தம் கேட்கும் தூரத்தில் ஒரு ஒடுங்கிய தெரு. கீழே தையற்கடை, மேலே நாங்கள். தெருப்பக்கமாக மரப்பலகை அடித்த ஒரு பல்கனி. அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. கப்பலின் அடிவயிற்றிலிருந்து மூட்டைகளைத் தூக்கும் எந்திரத்தை இயக்குபவர் மேலே எங்கோ உட்கார்ந்திருப்பார், கீழே கிடங்குக்குள் நடப்பது அவர் கண்ணுக்குத் தெரியாது. அந்த இரைச்சலில் கத்தினாலும் கேட்காது. ஆகவே கிடங்கின் வாயில் ஒருவர் நின்று கையால் சைகை காட்டுவார், அந்தக் கையைப் பார்த்தே கயிறு ஏறும், இறங்கும். அந்தக் கைதான் என் அப்பாவின் கை. சிக்னல்காரர் என்று சொல்வார்கள்.

இப்படி நாள் முழுக்கக் கையால் கதைக்கும் மனிதருக்கு வீட்டுக்கு வந்தால் வாயால் கதைக்க ஒன்றும் இருக்காது. சாப்பிடுவார், செபம் சொல்வார், படுப்பார். எனக்கும் கதை குறைவு. ஏனென்றால் எனக்குக் கொன்னை. சொல் உதடுவரை வந்து முட்டிக்கொண்டு நிற்கும். ‘ம’, ‘ப’, ‘வ’ மூன்றும் என் பரம எதிரிகள்.

கொன்னை பெரிய துன்பமில்லை, உண்மையாகச் சொல்கிறேன். பக்கத்தில் நிற்பவர்கள்தான் துன்பம். நான் ஒரு சொல்லில் முட்டி நின்றவுடன் எல்லோரும் அந்தச் சொல்லை எனக்காக முடித்து வைப்பார்கள். அன்பில்தான். ஒரு நாள் வகுப்பு யன்னலில் வண்ணத்துப்பூச்சி ஒன்று வந்து உட்கார்ந்தது. “சிஸ்டர், வ... வ...” என்றேன். “வயித்துக் குத்தா மகள்?” என்றார் சிஸ்டர். ஆமென்று தலையாட்டுவது இல்லையென்று விளக்குவதைவிடச் சுலபம். தலையாட்டினேன். அந்த வாரம் முழுக்க எனக்கு ஓமத் தண்ணீர். இப்படி எத்தனையோ பேர் முடித்து வைத்த வசனங்களின்படிதான் என் சின்ன வயது நடந்துகொண்டிருந்தது.

அந்த வருடக் கடைசியில் அம்மா வயிற்றில் பிள்ளையோடு இருந்தா. முன்பே இரண்டு தங்காமல் போனபடியால், படுக்கையை விட்டு எழும்பவே கூடாதென்று டாக்டர் சொல்லிவிட்டார். அம்மாவின் அக்கா, என் பெரியம்மா, வெள்ளவத்தையில் கடலோர ரயில் பாதைக்குப் பக்கத்தில் பெரிய வீடொன்றில் இருந்தா. கணவர் காலமாகிவிட்டார், பிள்ளைகள் இல்லை. கார் கொண்டு வந்து அம்மாவை ஏற்றிக்கொண்டு போய் மேல்மாடி அறையில் படுக்க வைத்தா. எனக்குப் பள்ளிக்கூடம் கொட்டாஞ்சேனையில், ஆகவே தவணை முடியும்வரை நான் அப்பாவோடு. அதற்குப் பிறகு என்னையும் வெள்ளவத்தைக்கே நிரந்தரமாக எடுத்துக்கொள்வது என்பது பெரியம்மாவின் திட்டம்.

“ஆம்பிளை தனிய எப்பிடிப் பொம்பிளைப் பிள்ளைய வளக்கிறது? அங்க நல்ல பள்ளிக்கூடம் இருக்கு. வாய்க்கும் ஒரு டீச்சரப் பிடிச்சுப் பழக்கலாம்” என்று பெரியம்மா சொன்னபோது அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தா. அப்பா கதவோரம் நின்றார். இருவருமே இல்லையென்று சொல்லவில்லை. தவணை முடிவதற்கு இரண்டரை மாதம் இருந்தது.

முதல் வாரம் அப்பாவும் நானும் இரண்டு வாடகைக்காரர்கள் போல இருந்தோம். தெருவின் எதிர்ப்பக்கத்தில் முஸ்லிம் நானா ஒருவரின் பலசரக்குக் கடை. பள்ளிக்கூடம் விட்டதும் அப்பா வரும்வரை நான் அந்தக் கடை வாசலில்தான். பின்னேரம் அப்பா வந்து என்னைக் கூட்டிக்கொண்டு மேலே ஏறுவார். ஒரு நாள் மழை. அவர் நனைந்த சட்டையைக் கழற்றிக் கதிரையில் போட்டார். நான் அதை எடுத்துக் கொடியில் போடப் போனேன், மூக்கில் காரம் ஏறி அடுக்கடுக்காகத் தும்மினேன். அப்பா என்னைப் பார்த்தார்.

“செத்தல் மிளகாய்” என்றார். “இண்டைக்குக் கப்பல் முழுக்க அதுதான்.”

அடுத்த நாள் நானே சட்டையைக் கேட்டு வாங்கி மணந்தேன். வெங்காயம். அதற்கடுத்த நாள் சீனிச் சாக்கின் சணல் மணம். சொல்லத் தேவையில்லை, குசினியில் போய் அந்தச் சாமானைத் தொட்டுக் காட்டினால் போதும். சரியென்றால் அப்பா புருவத்தை உயர்த்துவார். ஒரு நாள் எனக்குப் பிடிபடவேயில்லை. மணந்து மணந்து பார்த்துவிட்டுக் கையை விரித்தேன். அப்பா சிரித்தபடி சிமெந்துத் தரையைக் காலால் தட்டினார். என் அப்பாவுக்கு முன்பற்களுக்கு நடுவே ஒரு இடைவெளி இருப்பதை நான் முதன்முதலில் பார்த்தது அன்றுதான்.

கூடை விளையாட்டு தொடங்கியதும் இப்படித்தான், யாரும் திட்டமிடவில்லை. பாண்காரரிடம் பாண் ரொட்டி வாங்குவதற்காகப் பல்கனியிலிருந்து கயிற்றில் கட்டிய பிரம்புக் கூடை ஒன்று எங்கள் வீட்டில் உண்டு. ஒரு பின்னேரம் அப்பா கடை வாசலில் பாண்காரரோடு நின்றுகொண்டு என்னிடம் கூடையை இறக்கச் சொன்னார். பலகை உயரம். ஓர் இடுக்கு வழியாகப் பார்த்தால் எதிர்க்கடை வாசல் தெரியும், ஆனால் நேர் கீழே போகும் கூடை தெரியாது. நான் குருட்டாம்போக்கில் கயிற்றை விட்டேன். கூடை தையற்கடைப் பெயர்ப்பலகையில் மாட்டிச் சரிந்திருக்க வேண்டும். சட்டென்று அப்பாவின் முஷ்டி மேலே போயிற்று. துறைமுகப் பழக்கம். நான் கயிற்றைப் பிடித்து நிறுத்தினேன்.

அப்பா தன் முஷ்டியைத் தானே பார்த்தார். பிறகு சுட்டுவிரலை மேல்நோக்கி நீட்டிச் சுற்றினார். நான் தூக்கினேன். விரலைக் கீழ்நோக்கிச் சுற்றினார், இறக்கினேன். பெருவிரலையும் சுட்டுவிரலையும் மெல்லத் திறந்து மூடினார். அதன் அர்த்தத்தை யாரும் எனக்குச் சொல்லவில்லை. கொஞ்சம் கொஞ்சமாய் விட்டேன். கூடை தரையில் உட்கார்ந்தது. பாண்காரர் கைதட்டினார். அப்பாவுக்கு வெட்கம் வந்துவிட்டது, சாரத்தை ஒருதரம் அவிழ்த்துக் கட்டிக்கொண்டார்.

அடுத்த நாள் பாண் தேவைப்படவில்லை. நான் கூடையை எடுத்துக்கொண்டு போய் அப்பாவின் முன்னால் வைத்துவிட்டு நின்றேன். அவர் வீட்டுக்கும் தெருவுக்குமாகப் பார்த்தார். பெரிய மனிதர், நடுத்தெருவில் நின்று பிள்ளையோடு விளையாடுவதா? ஆனால் இறங்கிப் போனார். அந்த இறங்கிப் போனதுக்காக நான் அவரை எத்தனை தடவை மனதுக்குள் கொண்டாடியிருக்கிறேன் தெரியுமா?

ஒரேயொரு சட்டம்தான் அப்பா வைத்தார். சைகை முழுவதும் முடியுமுன் நான் கயிற்றை அசைக்கக் கூடாது. விரல் இன்னும் போய்க்கொண்டிருக்கும்போதே, இதுதான் வரப்போகிறது என்று நான் முந்திக்கொண்டால் அன்றைய விளையாட்டு முடிந்தது. அவருடைய இடது சுண்டுவிரல் வளைந்திருக்கும். அதைக் காட்டிச் சொன்னார்.

“ஒருத்தன் அவசரப்பட்டதால வந்தது இது. அரைச் சிக்னலுக்குக் கயிறு அசையக் கூடாது மகள்.”

அப்போதுதான் எனக்கு ஒரு விசயம் விளங்கியது. நான் முட்டி நிற்கும்போது என் வசனத்தை முடிக்காத ஒரே ஆள் அப்பாதான். அக்கறையில்லாமல் நிற்கிறார் என்று அம்மாகூடக் குறைப்பட்டிருக்கிறா. இவர் அக்கறையில்லாதவரல்ல, சிக்னல் முடியட்டும் என்று நிற்பவர்!

சோக்கட்டியால் தெருவில் வட்டம் கீறினோம். அதற்குள் கூடையை இறக்க வேண்டும். பிறகு கூடைக்குள் தண்ணீர் நிறைந்த பித்தளை டம்ளர். பத்து நாள் முயன்று ஒரு சொட்டும் சிந்தாமல் இறக்கினேன். தையற்காரர் மிசினை நிறுத்திவிட்டு வாசலுக்கு வருவார். பக்கத்து வீட்டுச் சிங்களப் பெண்மணி, “ஹா, ஹா, ஹெமின்!” என்று மெதுவாகப் போகச் சொல்லிக் கத்துவா. கடை நானா ஒரு நாள் முட்டையோடு வந்தார்.

“மகள், இத வெச்சி எறக்குங்க பாப்பம். ஒடஞ்சா என்ட. ஒடயாட்டி ஒங்கட, அவிச்சித் திங்கணும்.”

மூன்று முட்டை அவருடையதாயிற்று. நாலாவதை நான் அவித்துத் தின்றேன். அப்படி ஒரு முட்டையை அதற்குப் பிறகு எந்த ஹோட்டலிலும் நான் தின்றதில்லை.

அந்தச் சந்தோசத்தின் உச்சியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியம்மாவின் கார் எங்கள் தெருவுக்குள் திரும்பியது. அவ கண்டது என்ன? சாரத்தோடு நடுத்தெருவில் நின்று கையை ஆட்டும் தங்கையின் கணவர். பலகை இடுக்கில் வாய் திறவாத பிள்ளை. சுற்றிலும் சிரிக்கும் சனம். காரிலிருந்து இறங்கியபோதே பெரியம்மாவின் கண் கலங்கியிருந்தது.

“என்ன தம்பி இது? பிள்ளைக்கு ஏற்கெனவே வாய் வராது. நீங்க ஊமைப் பாஷை வேற பழக்கிறீங்களா? இப்பிடியே விட்டா இவள் பிறகு கதைக்கவே மாட்டாள்!”

அப்பா எதையும் தாங்குவார். ஆனால் தன் விளையாட்டால் மகளின் வாய் அடைபட்டுப் போகும் என்ற சொல்லை அவரால் தாங்க முடியவில்லை. படித்த மனிசி சொல்கிறா, சரியாகத்தான் இருக்கும் என்று நம்பிவிட்டார். “தவணை முடிஞ்சதும் கூட்டிக்கொண்டு போங்கோ அக்கா” என்றார். அன்றோடு கூடை அலுமாரியின் மேலே போயிற்று. என்னோடு இருக்கும் நேரமெல்லாம் அப்பா தன் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். சட்டையைக்கூட அவரே கொடியில் போட்டார். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. அப்பா என்னைக் கொடுத்துவிட்டார் என்றுதான் அந்த ஏழு வயதில் நினைத்தேன். கொடுத்ததும் அன்பில்தான் என்று விளங்க எனக்கு நாற்பது வயது கடக்க வேண்டியிருந்தது. ஆனால் வெள்ளவத்தைக்கு என் பெட்டியைக் கட்டியபோது கூடையை அடியில் வைத்துத் துணியால் மூடிவிட்டேன்.

பெரியம்மா வீட்டுக்குப் போய் இரண்டாம் நாள் உடம்பெல்லாம் தினவெடுத்துப் பொட்டுப் பொட்டாகக் கிளம்பியது. கொப்புளிப்பான், அதாவது சின்னம்மை. டாக்டர் வந்து பார்த்துவிட்டு, அம்மா இருக்கும் மாடிப்பக்கமே நான் போகக் கூடாதென்றும், என்னைக் கவனிப்பவர்கள்கூட மேலே ஏறக் கூடாதென்றும் சொல்லிவிட்டார். வீடு இரண்டாயிற்று. மேலே அம்மாவும் பெரியம்மாவும். கீழே முன்னறையில் வேப்பிலைப் படுக்கையில் நானும், சின்ன வயதிலேயே அது வந்து போன சமையற்கார அக்காவும். மாடியிலிருந்து யாராவது என்னோடு கதைக்க நினைத்தாலும் முடியாது. பக்கத்தில் கடல் இரையும், ரயில் வந்தால் கதவு நிலையே அதிரும். அம்மாவைக் கத்த விடவும் கூடாது. ஒரே வீட்டுக்குள் இருந்துகொண்டு அம்மாவை நான் காணவில்லை. அம்மா மேலே அழுகிறா, சாப்பிட மாட்டேன் என்கிறா என்று, படியடியில் சாப்பாட்டுத் தட்டை வைக்கப் போகும் சமையற்கார அக்கா கேட்டு வந்து சொல்வா.

கிறிஸ்மஸ் அன்று காலைப் பூசை முடிந்து அப்பா பஸ்ஸில் வந்தார். அவருக்கும் அது முன்பே வந்து போனபடியால் கீழே என்னோடு நிற்கலாம். என்னைப் போர்வையால் சுற்றி முற்றத்துக்குக் கூட்டிவந்தார். மேல் யன்னலில் தலையணைகளில் சாய்ந்தபடி அம்மாவின் முகம். பக்கத்தில் பெரியம்மா. அம்மா தன் பங்குக் கேக்கை எனக்குத் தரச் சொல்லி அடம் பிடித்திருக்கிறா. பெரியம்மா கேக்கை ஒரு ஓலைப்பெட்டியில் வைத்து, கொடிக்கயிற்றில் கட்டி, ஒட்டடைக் கம்பின் மேலால் வெளியே நீட்டினா. யன்னலுக்குக் கீழே மழைக்கு மறைவாக ஒரு சிமெந்துத் தட்டு நீட்டிக்கொண்டிருந்தது, அதற்குக் கீழே கடதாசிப்பூ மரம். தட்டைத் தாண்டியபின் பெட்டி எங்கே போகிறதென்று பெரியம்மாவுக்குத் தெரியாது.

பெட்டி கடதாசிப்பூவின் முள்ளில் மாட்டியது. பெரியம்மா ஒரு சுண்டு சுண்டி இழுத்தா. கேக் முற்றமெங்கும் சிதறியது. காகங்களுக்கு நல்ல கிறிஸ்மஸ். மேலே அம்மா முகத்தைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினா.

அப்பாவின் கை அரைவாசி மேலே போயிற்று. பிறகு நினைவு வந்து அதைத் திரும்ப முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். அதை நான் கண்டேன். ஓடிப்போய்ப் பெட்டியடியிலிருந்து எங்கள் பிரம்புக் கூடையை எடுத்து வந்தேன். அதைச் சமையற்கார அக்கா கொதிதண்ணீரில் கழுவி ஓலைப்பெட்டிக்குப் பதிலாகக் கயிற்றில் கட்டினா. நான் மதிலோரம் போய், பெரியம்மாவுக்கு நன்றாகத் தெரியும் இடத்தில் நின்று, சுட்டுவிரலை மேல்நோக்கிச் சுற்றினேன்.

“என்ன? என்ன சொல்லுறாள் இவள்?” பெரியம்மாவின் குரல் கடலோடு கலந்து வந்தது.

அப்பாவின் துறைமுகச் சைகைகள் தெரிந்த அம்மாதான் சொல்லியிருக்க வேண்டும், கூடை மேலே போயிற்று. அதில் கேக்கின் இரண்டாம் துண்டு. நான் விரலைக் கீழ்நோக்கித் திருப்பினேன். நான் சுற்றத் தொடங்குமுன்னே பெரியம்மா கயிற்றை விட்டா. முஷ்டியை உயர்த்தினேன். அவ அதை வேறென்னவோ என்று நினைத்து இழுத்தா. கூடை பம்பரம்போலச் சுற்றியது. அப்போது என் அப்பா, அதுவரை அந்த வீட்டில் குரலை உயர்த்தியே அறியாதவர், வாயில் இரு கைகளையும் குவித்துக் கத்தினார்.

“அக்கா! அரைச் சிக்னலுக்கு அசையாதீங்கோ! பிள்ளை முடிக்கட்டும்!”

பெரியம்மா அப்படியே நின்றுவிட்டா. நான் முதலிலிருந்து தொடங்கினேன். ஒவ்வொரு சைகையையும் தொடங்கி, நடத்தி, முடித்தேன். முடித்தபின்னர்தான் கயிறு அசைந்தது. முள்ளைத் தாண்டி, சுவரை உரசாமல், கடைசி ஒரு சாணுக்கு இரு விரலையும் மெல்லத் திறந்து மூட, கூடை முற்றத்தில் வந்து உட்கார்ந்தது. நான் கேக்கைத் தூக்கிக் காட்டிவிட்டு ஒரே வாயில் போட்டேன். அம்மா மேலே கைகொட்டிச் சிரித்தா. அன்று மத்தியானம் அம்மா இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டாவாம்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு பின்னேரமும் ஐந்து மணிக்குக் கூடை இறங்கியது. முதலில் கொய்யாப்பழம், பிறகு டம்ளரில் பால். எனக்குப் பிடிக்காத பாலையும் அந்தக் கூடையில் வந்தால் குடித்தேன். சட்டதிட்டம் பேசும் பெரியம்மா, நாலரைக்கே கயிற்றோடு யன்னலில் வந்து நிற்பா. அப்பா வேலை முடிந்து வந்த நாட்களில் கடற்காற்றில் நின்று, கைகளைப் பின்னால் கட்டாமல், எனக்கு முன்னால் தொங்கவிட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பார். சிரிக்காதீர்கள், அந்தத் தொங்கும் கைகளைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது. பெரியம்மாவைப் பற்றியும் இப்போது நினைக்கிறேன். பிள்ளையில்லாத பெரிய வீட்டில் அவவோடு யாரும் அப்படி விளையாடியிருக்க மாட்டார்கள். என்னைப் பறிக்க வந்தவ என்று நான் நினைத்தது முழு நியாயமில்லை.

கூடை இறங்கிய கடைசி நாளில் பெரியம்மாவே முட்டையைக் கேட்டா. அப்பா முன்பு சொல்லியிருந்த முட்டைக் கதையை அம்மா அவவுக்குச் சொல்லியிருந்தா போல. முட்டை முழுசாக இறங்கியது, முதல் தரத்திலேயே. மேலே இரண்டு சகோதரிகளும் சின்னப் பிள்ளைகளைப்போலக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

தை மாதம் தம்பி பிறந்தான், நல்ல கனத்தோடு. பிறகு சொல்ல மறந்துவிடுவேன் என்பதால் இப்போதே சொல்லிவிடுகிறேன். கூடை பிற்காலத்தில் வீடு மாறிய அவசரத்தில் தொலைந்துபோனது. டம்ளரும்தான். என் கொன்னை தொலையவில்லை. இன்றும் ‘வ’ என்னை வழிமறிக்கும். அதோடேயே முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தேன், என் வகுப்பில் ஒரு பிள்ளையும் இன்னொரு பிள்ளையின் விடையை முடித்து வைத்ததில்லை. மேல்மாடித் தம்பிக்கும் அதைத்தான் சொன்னேன். என்ன விளையாட்டென்றாலும் விளையாடுங்கோ, ஆனால் பிள்ளை முடிக்கும்வரை நில்லுங்கோ என்று.

ஆனால் நான் சொல்ல வந்தது தம்பி பிறப்பதற்கு முந்திய அந்தக் காலையை. கொப்புளங்கள் காய்ந்து உதிர்ந்து, வேப்பிலையும் மஞ்சளும் போட்ட தண்ணீரில் என்னைத் தலைமுழுக வார்த்திருந்தார்கள். பள்ளிக்கூடம் தொடங்க இரண்டு நாள். அப்பா லீவு போட்டு வந்து முற்றத்தில் நின்றார். பெரியம்மா மூன்று வாரத்துக்குப் பிறகு முதன்முறையாகப் படியிறங்கி வந்தா. மேலே யன்னலில் அம்மா. பெரியம்மா என் முன்னால் குந்தி, என் இரண்டு தோளையும் பிடித்தா.

“நான் முடிவெடுக்கேல்ல, நீயே சொல்லு மகள். பெரியம்மாவோட இஞ்ச இருக்கிறியா, அப்பாவோட போறியா?”

எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். எனக்குச் சொல்லத் தெரியும். அந்தச் சொல் எனக்குள் மூன்று மாதத்துக்கு மேலாக இருந்தது. ஆனால் அதன் முதல் எழுத்து என் எதிரி.

“வ... வ... வ...”

சமையற்கார அக்காவுக்குப் பொறுக்கவில்லை. “வெள்ளவத்தைதான்! நோனா, கேட்டீங்களா, பிள்ளை இங்கயே இருக்கப் போகுதாம்!”

பெரியம்மாவின் முகத்தில் ஒரு கணம் வெளிச்சம் வந்ததை நான் பார்த்தேன். அவ விரும்பிய விடை. அதை அப்படியே எடுத்துக்கொண்டிருக்கலாம். நானும் வழக்கம்போலத் தலையாட்டியிருப்பேன், அது சுலபம். அப்பாவும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்.

பெரியம்மா என் தோளிலிருந்து ஒரு கையை எடுத்தா. திரும்பிப் பார்க்காமலே சமையற்கார அக்காவை நோக்கி முஷ்டியை உயர்த்தினா. நில்!

ரயிலொன்று வந்தது. கதவுகள் அதிர்ந்தன. பெட்டி பெட்டியாகப் போய் முடிந்தது. கடல் மட்டும் இரைந்தது. பெரியம்மாவின் முஷ்டி மேலேயே நின்றது. என் உதடு ஒட்டி, விட்டு, மறுபடி ஒட்டியது. ஒருத்தரும் எனக்காக ஒரு எழுத்தும் சொல்லவில்லை. என் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு முற்றம் முழுக்க எனக்காகக் காத்து நின்றது.

“வ... வீட்ட போறன்” என்றேன். “அப்பாவோட.”

பெரியம்மாவின் கண்கள் நிறைந்து வழிந்தன. அவ அவற்றைத் துடைக்கவில்லை. எழும்பி நின்றா. உயர்த்திய முஷ்டியை மெல்ல விரித்து, சுட்டுவிரலை மேலே நீட்டி, என் அப்பாவைப் பார்த்து ஒரு முழுச் சுற்றுச் சுற்றினா.

அந்தச் சுற்று முடியும்வரை அப்பா அசையவில்லை. முடிந்ததும் என்னைத் தூக்கினார்.